தமிழ் எண்பெயர்களைக் கொண்டு குழந்தைக்கு எண் சொல்லித்தருவது: முழுமையான வழிகாட்டி

"இருபத்துமூன்று எழுது" என்றால் 203 என்று எழுதிக் காட்டும் குழந்தைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. கவனக்குறைவு என்று நினைத்துப் பத்து முறை திருத்தி எழுதச் சொல்கிறோம். உண்மையில் அந்தக் குழந்தை நன்றாகத்தான் கேட்டிருக்கிறது. இருபது காதில் விழுந்தது, 20 எழுதியது. மூன்று காதில் விழுந்தது, 3 எழுதியது.

எங்கள் தெருவில் மாலை வகுப்பு நடத்தத் தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. நாலு வயது முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகள் வருகிறார்கள். சொல்லித்தர வரும் கல்லூரி மாணவர்களும், வீட்டில் சொல்லித்தரும் அம்மா அப்பாக்களும் வருடாவருடம் அதே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். எண்ணின் பெயர் என்ன சொல்கிறது என்று நாம் கவனிப்பதில்லை. தமிழில் பெரும்பாலான எண்பெயர்களுக்குள்ளேயே இடமதிப்பு இருக்கிறது. குழந்தையின் காதுக்கு அது கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் ஆகிய மூன்று இடங்களில் மட்டும் பெயர் வேறு வழியில் இழுக்கும். அவற்றுக்குத் தனியாக நாள் ஒதுக்க வேண்டும்.

கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படியின் மேல்தான் நிற்கிறது.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

விரல் நீளத்துக்கு நறுக்கிய ஈர்க்குச்சிகள் 200. ரப்பர் பேண்டு ஒரு கைப்பிடி. புளியங்கொட்டை ஒரு கிண்ணம். பழைய தினசரி காலண்டர் தாள்கள். கொஞ்சம் தடித்த அட்டையும் கத்தரிக்கோலும். இவ்வளவு போதும்.

கடையில் விற்கும் பிளாஸ்டிக் பத்துக்கட்டையை முதலிலேயே வாங்காதீர்கள். பத்து குச்சிகளைக் குழந்தையே எண்ணி, கட்டி, வேண்டும்போது அவிழ்த்துப் பார்க்க முடிய வேண்டும். பத்துக்கட்டை அவிழாது. உள்ளே பத்து இருக்கிறது என்று நாம் சொல்வதைக் குழந்தை நம்பத்தான் வேண்டியிருக்கும்.

ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். எட்டாவது படி வரை பென்சிலைத் தொட வேண்டாம். இதைத்தான் பெற்றோர்கள் ஒத்துக்கொள்ளத் தயங்குவார்கள். நோட்டில் ஒன்றும் இல்லையே என்று கேட்பார்கள். கேட்கட்டும். பெயர் புரிவதற்கு முன் எழுத்து வந்தால், முன்னே சொன்ன 203தான் வரும்.

2. பேச்சு வழக்கில் தொடங்குங்கள்

ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. குழந்தை வீட்டில் கேட்பது இதைத்தான். பாடப்புத்தகத்தில் இருப்பது ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. புதிதாகச் சொல்லித்தர வருபவர்கள் "அஞ்சு இல்ல, ஐந்துன்னு சொல்லு" என்று முதல் நாளே திருத்துவார்கள். எண்ணுவதில் இருந்த கவனம் உச்சரிப்புக்குப் போய்விடும், எண்ணிக்கை நழுவும். புத்தக வடிவம் படிக்கும்போது தானாக வரும்.

தமிழில் ஒரே எண்ணுக்குப் பல முகம் உண்டு என்பதும் நினைவில் இருக்கட்டும். ஒண்ணு, ஒரு மாங்காய், ஒருத்தர், ஓர் ஊர் எல்லாமே 1தான். ரெண்டு, இருவர், இரட்டை எல்லாமே 2. நமக்கு இது பழகிப்போனது. நாலு வயதுப் பிள்ளைக்கு இவை ஒரே எண் என்று தெரிய நாள் ஆகும். அதனால் முதல் சில வாரங்களுக்குக் கொட்டைகளையும் குச்சிகளையும் மட்டும் எண்ணுங்கள். ஆட்களை எண்ணுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் வகுப்பில் ஒரு பெண் குழந்தை எதை எண்ணினாலும் "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் தொடங்கும். பாட்டி நெல் அளக்கும்போது முதல் படிக்கு லாபம் என்று சொல்வதைக் கேட்டுப் பழகியிருக்கிறது. அதைத் திருத்த வேண்டியதே இல்லை. லாபம் என்றால் ஒண்ணு என்று சொன்னதும் அது சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டது.

3. ஒப்பிப்பதும் எண்ணுவதும் வேறு என்று சோதியுங்கள்

"என் பொண்ணு நூறு வரைக்கும் சொல்லுவா" என்பார்கள். சொல்லுவாள், சரி. ஆனால் எண்ணத் தெரியுமா?

கிண்ணத்தை முன்னால் வையுங்கள். "எனக்கு நாலு கொட்டை குடு" என்று கேளுங்கள். பத்து வரை தடையில்லாமல் ஒப்பிக்கும் குழந்தை கை நிறைய அள்ளித் தரலாம். பயப்பட வேண்டாம், இதுதான் இயல்பான வளர்ச்சி. கேரன் வின் என்ற உளவியல் ஆய்வாளர் 1990இல் இதே மாதிரி "இத்தனை கொடு" என்று கேட்டுப் பார்த்தார். குழந்தைகள் முதலில் ஒன்றின் பொருளை மட்டும் பிடிக்கிறார்கள், பல மாதம் கழித்து இரண்டு, பிறகு மூன்று. அதற்கு அப்புறம்தான், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது பிடிபடுகிறது. பெரும்பாலும் மூன்றரை, நாலு வயதில் இது நடக்கிறது.

எண்ணி முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் முதலிலிருந்து மறுபடி எண்ணினால், கடைசி எண்தான் மொத்தம் என்பது இன்னும் வரவில்லை. அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

இதற்குப் பல்லாங்குழியை விட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. ஒரு குழிக்கு ஒரு கொட்டை என்று போட்டுக்கொண்டே போகும்போது, ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்பதைக் கை கற்றுக்கொள்கிறது. விதிகளோடு ஆட வேண்டியதில்லை. குழிகளை நிரப்பினாலே போதும்.

4. பத்தைக் கட்டச் சொல்லுங்கள்

பத்து வரை உறுதியானதும் குச்சிகளைக் கொட்டுங்கள். குழந்தையே பத்து பத்தாக எண்ணி ரப்பர் பேண்டு போடட்டும். நீங்கள் கட்டி வைக்காதீர்கள். தன் கையால் கட்டிய கட்டைத்தான் அது பத்து என்று நம்பும்.

பிறகு கட்டுகளை மட்டும் எண்ணுங்கள்: ஒரு பத்து, ரெண்டு பத்து, மூணு பத்து. இருபது, முப்பது என்ற பெயர்கள் இப்போது வேண்டாம். பத்து குச்சி, ஒரு கட்டு இரண்டும் ஒன்றுதான் என்பது பதிய வேண்டும். அவ்வப்போது ஒரு கட்டை அவிழ்த்து எண்ணிப் பார்த்து மறுபடி கட்டச் சொல்லுங்கள். சில பிள்ளைகள் ஒரு வாரம் முழுக்க அவிழ்த்துக்கொண்டே இருப்பார்கள். விடுங்கள்.

ஒன்பதுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. பேச்சில் ஒம்பது, அம்பது, எம்பது மூன்றும் காதுக்கு அண்ணன் தம்பி மாதிரி. முன்னது 9, மற்றவை 50, 80. "பது" என்று முடிவதெல்லாம் பத்துகள் என்று பிறகு சொல்லித்தரப் போகிறோம். ஒன்பது மட்டும் அப்படி இல்லை. அதனால் இப்போதே ஒன்பது குச்சியைக் கையில் கொடுத்து, "கட்ட முடியுமா? முடியாது, ஒண்ணு குறையுது" என்று விளையாடுங்கள். கட்டுக்கு ஒன்று குறைவு என்ற படத்தோடு ஒம்பது மனதில் இருந்தால் பிறகு எம்பதோடு குழம்பாது.

5. பதினொன்று முதல் பத்தொன்பது வரை

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள், மற்றதெல்லாம் இதன் மேல்தான் வருகிறது.

இடது பக்கம் ஒரு கட்டு. வலது பக்கம் மூன்று குச்சி. கட்டைத் தொட்டு "பத்து" என்றும், குச்சிகளைத் தொட்டு "மூணு" என்றும் சொல்லுங்கள். பிறகு சேர்த்து "பதிமூணு". குழந்தை கையை இடமிருந்து வலமாக நகர்த்திக்கொண்டே சொல்லட்டும். பதினாலு, பதினஞ்சு, பதினாறு எல்லாவற்றுக்கும் இப்படியே. முதலில் பத்து கேட்கிறது, பிறகு மிச்சம் கேட்கிறது. நாளைக்கு 13 என்று எழுதும்போதும் இதே வரிசைதான்.

சீன மொழியில் பதினொன்றுக்கு "பத்து ஒன்று" என்றே பெயர். சீனக் குழந்தைகளையும் அமெரிக்கக் குழந்தைகளையும் ஒப்பிட்டு கெவின் மில்லரும் உடன் ஆய்ந்தவர்களும் 1995இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பத்து வரை எண்ணுவதில் இருவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பத்தைத் தாண்டியதும் அமெரிக்கப் பிள்ளைகள் பின்தங்கினார்கள், ஏனென்றால் இலெவன், ட்வெல்வ் என்ற பெயர்களில் பத்து கேட்பதே இல்லை. தமிழ் இந்த விஷயத்தில் சீனத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆனால் பெயர் மட்டுமே கணக்குச் சொல்லித்தந்துவிடாது. வீட்டில் எவ்வளவு எண்ணுகிறார்கள், பள்ளி எப்படி நடக்கிறது என்பதற்கும் பங்கு உண்டு. பெயரில் இருப்பதைக் காட்டித்தர ஆள் வேண்டும்.

தடுமாறும் இடங்கள் மூன்று. பன்னெண்டில் பத்து ஒளிந்துகொண்டிருக்கிறது. "பத்தும் ரெண்டும்" என்று நாலைந்து நாள் விரித்துச் சொல்லி, பிறகு பன்னெண்டு என்று சுருக்குங்கள். பதினாலும் பதினாறும் வேகமாகச் சொன்னால் ஒன்றுபோலக் கேட்கும், அவற்றை அடுத்தடுத்து வைத்துக் காட்டுங்கள். பத்தொம்பது பயமுறுத்தும், ஆனால் உள்ளே பத்து முழுதாகக் கேட்பதால் எளிதில் சரியாகிவிடும்.

6. இருபது முதல் எண்பத்தொன்பது வரை

பலரும் இருபது, முப்பது, நாற்பது என்று பத்துகளை முதலில் மனப்பாடம் செய்யவைப்பார்கள். நான் இருபத்துமூணில் தொடங்குகிறேன். இருபது என்ற சொல்லில் பத்து மங்கலாகத்தான் கேட்கும், பேச்சில் இருவது என்று இன்னும் மங்கிவிடும். இருபத்துமூணு என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்: இரு, பத்து, மூணு. ரெண்டு கட்டு, மூணு குச்சி. பெயரே செய்ய வேண்டியதைச் சொல்கிறது.

நாலாவது படியில் "ரெண்டு பத்து" என்று சொன்னதை இப்போது "இரு பத்து" ஆக்குங்கள். ரெண்டு இரு ஆகிறது, மூணு மு ஆகிறது, நாலு நாற், அஞ்சு ஐம், ஆறு அறு, ஏழு எழு, எட்டு எண். இந்த மாற்றத்தை விளக்க வேண்டாம், கட்டுகளை வைத்துச் சொல்லிக்கொண்டே போனால் போதும். அறுபதும் எழுபதும் தானாக வரும், ஆறும் ஏழும் குறுகியிருக்கின்றன, அவ்வளவே. ஐம்பதும் எண்பதும்தான் தகராறு, பேச்சில் அம்பது, எம்பது என்று நெருங்கிவிடுவதால். இந்த இரண்டுக்கு மட்டும் புத்தக உச்சரிப்பைக் கேளுங்கள்: ஐம்பது, எண்பது. "பேச்சு வழக்கிலேயே இருங்கள்" என்று நான் சொன்னதற்கு இது ஒரு விதிவிலக்கு.

"இருபத்தொன்பது, இருபத்துப்பத்து" என்று குழந்தை சொன்னால் மகிழ்ச்சியடையுங்கள். விதியைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். "பத்து குச்சி ஆயிடுச்சு, கட்டிடலாமா?" என்று கேட்டு ரப்பர் பேண்டை நீட்டுங்கள். மூன்று கட்டு. முப்பது. தவறு என்று சொல்லாமலே திருத்தம் நடந்துவிடும்.

7. தொண்ணூறுக்கு ஒரு நாள்

எண்பத்தொன்பதுக்கு அடுத்து, விதிப்படி ஒன்பதோடு "பது" சேர்ந்து ஒரு பெயர் வர வேண்டும். வருவதோ தொண்ணூறு. அதில் பத்து கேட்கவில்லை, நூறு கேட்கிறது. ஒன்பதோடு பத்து சேர்ந்தால் தொண்ணூறு, நூறு சேர்ந்தால் தொள்ளாயிரம் என்று நன்னூல் தனி விதியே வைத்திருக்கிறது. குழந்தைக்கு அந்த விதி வேண்டாம். இந்த இடத்தில் பெயர் உதவாது என்று நமக்குத் தெரிந்திருந்தால் போதும்.

ஒன்பது கட்டுகளை அடுக்குங்கள். "ஒம்பது பத்து. இதுக்கு மட்டும் செல்லப்பேரு தொண்ணூறு" என்று சொல்லுங்கள். அதற்குப் பக்கத்திலேயே பத்து கட்டுகளைச் சேர்த்துப் பெரிய ரப்பர் பேண்டு போட்டு நூறு செய்யுங்கள். "நூறுக்கு ஒரு கட்டு குறைஞ்சா தொண்ணூறு." ஒன்பதுக்குச் சொன்ன அதே படம்தான்: முழுசுக்கு ஒன்று குறைவு.

இந்த நாளைத் தவறவிட்ட பிள்ளைகள் இரண்டாம் வகுப்பிலும் தொண்ணூற்றைந்தை 1005 என்றோ 105 என்றோ எழுதுகிறார்கள். காதில் விழுந்த நூறைத்தான் எழுதுகிறார்கள்.

8. இப்போது எழுத்து

அட்டைகளை வெட்டுங்கள். 1 முதல் 9 வரை ஒரு விரற்கடை அகலம். 10, 20, 30 என்று 90 வரை அதைப்போல இரு மடங்கு அகலம். 20 அட்டையை எடுத்து, அதில் உள்ள சுழியத்தின் மேல் 3 அட்டையை வையுங்கள். 23. "இருபது எங்கே போச்சு?" என்று கேளுங்கள். குழந்தை 3ஐத் தூக்கிப் பார்க்கும். சுழியம் அடியில் இருக்கும். 203 எழுதும் பழக்கத்துக்கு இதைவிட வேகமான மருந்தை நான் பார்க்கவில்லை.

பழைய தமிழ் எண்முறையில் இருபத்துமூன்றை ௨௰௩ என்றுதான் எழுதினார்கள். இரண்டு, பத்து, மூன்று, சொல்லும் வரிசையிலேயே. 203 எழுதும் குழந்தையும் சொல்லைத்தான் எழுதுகிறது. இன்றைய முறையில் பத்து என்ற சொல் எழுத்தில் வராது, அது இடமாகிவிடுகிறது. அந்த ஒன்றைத்தான் அட்டை காட்டுகிறது.

வரிசை இப்படி இருக்கட்டும்: நீங்கள் பெயர் சொல்ல வேண்டும், குழந்தை குச்சி எடுக்க வேண்டும், அட்டை வைக்க வேண்டும், கடைசியில் எழுத வேண்டும். காலண்டர் தாள்களைக் கலைத்துப்போட்டு 1 முதல் 31 வரை அடுக்கச் சொல்வதும் நல்லது. பெரிய எழுத்தில் இருப்பதால் சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

9. கூட்டலில் பெயரைப் பயன்படுத்துங்கள்

8உம் 5உம் எவ்வளவு? விரல் விட்டு ஒன்று ஒன்றாகப் போக வேண்டியதில்லை. எட்டு குச்சியோடு ரெண்டைச் சேர்த்தால் கட்டு. மிச்சம் மூணு. பத்தும் மூணும், பதிமூணு. விடை தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்கிறது.

23உம் 34உம்: இரு பத்தும் மு பத்தும் ஐம்பது, மூணும் நாலும் ஏழு, ஐம்பத்தேழு. காகிதத்தில் வலது பக்கத்திலிருந்து கூட்டச் சொல்லித்தரும் முன், வாயால் இடமிருந்து இப்படிச் செய்யப் பழக்குங்கள். விடை ஏறக்குறைய எவ்வளவு வரும் என்பது முதலிலேயே தெரிந்துவிடும். பத்து ரூபாய் நோட்டும் ஒரு ரூபாய்க் காசும் வைத்துக் கடை விளையாட்டு விளையாடினால் இன்னும் நல்லது.

10. ஆங்கிலப் பெயர்கள் இதற்குப் பிறகு

ஆங்கிலவழியில் படிக்கும் எத்தனையோ பிள்ளைகளிடம் கடைக்காரர் "அறுபத்தெட்டு ரூபா" என்றால், "சிக்ஸ்டி எய்ட்டா அண்ணா?" என்று கேட்கிறார்கள். அவர்கள் தர்ட்டீனில் முதலில் கேட்பது மூன்று. அதனால் 31 என்று எழுதுகிறார்கள். தர்ட்டீனும் தர்ட்டியும் காதில் பிரிவதும் இல்லை. கட்டும் குச்சியும் வைத்துத் தமிழில் பத்துகள் உறுதியான குழந்தைக்கு, அதே கட்டுகளைக் காட்டி ஆங்கிலப் பெயரைச் சொன்னால் போதும்: "பதிமூணு. இங்கிலீஷ்ல தர்ட்டீன்." புதிதாகக் கற்பது பெயரை மட்டும்தான், எண்ணை அல்ல. எங்கள் வகுப்பில் மூன்று வாரத்துக்கு மேல் இதற்கு ஆனதில்லை.

ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் வளரும் ஈழத்தமிழ்ப் பிள்ளைகளுக்கு வேறு சிக்கல். ஜெர்மனில் 42ஐ "இரண்டும் நாற்பதும்" என்கிற வரிசையில் சொல்வார்கள். ஜெர்மன் பேசும் ஆஸ்திரியாவில் முதல் வகுப்புப் பிள்ளைகள் எண்களைக் கேட்டு எழுதியபோது செய்த தவறுகளை ஆராய்ந்து 2009இல் எழுதினார்கள். ஏறக்குறைய பாதி, இந்த முன்பின் மாற்றத்தால் வந்தவை. பிரான்சில் இருப்பவர்களுக்கு எண்பது என்பது "நாலு இருபது". இந்த வீடுகளில் தமிழில் எண்ணுவதை விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பள்ளி மொழியில் குழம்பும்போது, "தமிழில் சொல்லிப் பார், அந்த வரிசையில் எழுது" என்று குழந்தைக்குச் சொல்லலாம்.

ஒரே வாக்கியத்தில் "ட்வென்டி மூணு" என்று கலப்பதை மட்டும் தவிருங்கள். இரண்டு பெயருமே முழுதாகக் காதில் விழ வேண்டும்.

11. நூறைத் தாண்டும்போது

மூன்று மடங்கு அகலத்தில் 100 முதல் 900 வரை அட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். நூற்றைந்துக்கு 100 அட்டையின் மேல் 5. நடுவில் சுழியம் தெரியும். "பத்துங்கற பேரே சொல்லலையே, அப்போ அங்கே என்ன?" என்று கேளுங்கள். பெயரில் இல்லாதது எழுத்தில் சுழியமாக நிற்கிறது என்பது இங்கேதான் புரியும்.

இருநூறு, முந்நூறு என்று எண்ணூறு வரை பெயர் ஒழுங்காகப் போகும். எண்ணூறையும் தொண்ணூறையும் மட்டும் ஒருநாள் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், காதுக்கு அவ்வளவு நெருக்கம். ஒன்று எட்டுப் பெருங்கட்டு, மற்றது ஒன்பது சிறுகட்டு. குச்சி போதாவிட்டால் நூறு ரூபாய், பத்து ரூபாய் என்று எழுதிய காகிதங்களை வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் தொள்ளாயிரம். தொண்ணூறை நன்றாகக் கற்ற குழந்தையிடம் "நூறுக்கு ஒரு கட்டு குறைஞ்சா தொண்ணூறு, ஆயிரத்துக்கு ஒரு நூறு குறைஞ்சா?" என்று கேட்டால் போதும். போன மாதம் ஏழு வயதுப் பையன் ஒருவன் 900, 9000 ஆகிய இரண்டு அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அக்கா, ஒன்பதாயிரத்துல ஒன்பது கேக்குது, தொள்ளாயிரத்துல கேக்கல" என்றான். அவனுக்கு அடுத்த வாரம் ஆயிரங்களைத் தொடங்கினேன்.